பின்வாங்கி, கூடி, மறுபடி மோதும் போர்க்காட்சி: பெண்ணையாற்றங்கரையில் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

குறும்படக் குழுக்கள் போர்க்காட்சி எடுக்கும்போது பணமும் தெம்பும் முதல் தாக்குதலிலேயே தீர்ந்துவிடுகின்றன. பின்வாங்குவது நாலு பேர் ஓடும் ஒரே ஷாட்டாகச் சுருங்கும். கூடுவது தலைவன் வசனம் பேசும் ஒரு ஷாட்டாகப் போகும். அதன்பின் வரும் இரண்டாம் தாக்குதல் முதலாவதைப் போலவே இருக்கும். பார்ப்பவர் மனம் ஒட்டாது.

கீழே உள்ள முறை 7 நிமிடக் காட்சித் தொடருக்கானது. 16 நடிகர்கள், 8 பேர் படக்குழு, ஒரு கேமரா, இரண்டு நாள். இடம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஆற்றங்கரையும் தோப்பும். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எடுத்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

1. முதலில் தாளில்: எது மாறுகிறது?

கேமராவைத் தொடும் முன் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். ஏன் திரும்பினார்கள்? திரும்பியபோது கையில் என்ன மிச்சம்? அடுத்த முறை எதை மாற்றுகிறார்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் படப்பிடிப்புத் தேதி குறிக்கவேண்டாம்.

இந்த மண்ணிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. 1746 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைக் கடந்து, தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்ட மாளிகையைப் பிடித்தது. பிடித்ததும் வீரர்கள் இளைப்பாறவும் சாப்பிடவும் கலைந்துவிட்டார்கள். ஆற்காடு நவாபின் மகன்கள் ஆங்கிலேயருக்கு உதவியாகக் கொண்டுவந்த படை திடீரென்று தோன்றியதும் ஆற்றை நோக்கி ஓட்டம். 1747 தொடக்கத்தில் படகுகளில் ஆள் அனுப்பினார்கள், கடல் விடவில்லை. மார்ச்சில் பாரடி என்ற தளபதியின் தலைமையில் மறுபடி ஆற்றைக் கடந்தார்கள். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் திரும்பினார்கள். 1748 ஜூனில் இரவில் கடலூர் ஊர்மேல் பாய்ந்தார்கள். காவற்படையைக் கோட்டைக்குள் அழைத்துக்கொண்டதுபோலப் பகலில் காட்டிவிட்டு, இருட்டியதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்.

ஒவ்வொரு முயற்சியிலும் ஒன்று மாறியிருப்பதைக் கவனியுங்கள்: வழி, ஊர்தி, தலைவர், வேளை. உங்கள் கதையிலும் ஒன்று மாறினால் போதும். இரண்டை மாற்றினால் எதனால் வென்றார்கள் அல்லது தோற்றார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

அந்த மாற்றத்தின் விதை பின்வாங்கும் காட்சியிலேயே விழவேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கற்பனை மாதிரியைப் பிடித்துக்கொண்டு போவோம். முதல் முறை இடுப்பளவு நீரில் ஆற்றைக் கடந்து தாக்குகிறார்கள். எதிரி திருப்பி அடிக்க, அதே வழியில் ஓடுகிறார்கள். கூட்டத்திலிருந்து விலகி ஓடும் ஒருவன் மட்டும் வேறொரு துறையில் முழங்கால் நீரில் கடக்கிறான். அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தோப்பில் கூடும்போது மற்றவர்கள் உடையில் சேற்றுக்கோடு இடுப்பில் இருக்கிறது, இவனுக்கு முழங்காலில். அவர்களின் தலைவரான ஜமேதார் அதைப் பார்க்கிறார். விடியும் முன் அந்தத் துறை வழியாகப் போகிறார்கள். வசனமே இல்லாவிட்டாலும் கதை புரிகிறதல்லவா? உங்கள் கதையையும் இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. இடமும் நாளும்

ஆற்றுக்காட்சிக்குப் பெண்ணையாறு பொருந்தும். ஆனால் தாழங்குடா பக்கத்து முகத்துவாரத்தில் ஆளை இறக்காதீர்கள். அங்கே மணல்திட்டு நாளுக்கு நாள் மாறும், அலை இழுக்கும். உள்ளே தள்ளி, நீர் தேங்கி மெதுவாக ஓடும் இடம் பாருங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஆட்கள் நடக்கப்போகும் தடம் முழுவதையும் மூங்கில் கழியால் அரை மீட்டருக்கு ஒரு குத்தாக அளந்து, இருபுறமும் கயிறு கட்டுங்கள். இதை முந்தைய நாள் மாலையிலும் படப்பிடிப்புக் காலையிலும் என இருமுறை செய்யவேண்டும்.

இடுப்பளவு நீர் என்று கதை சொன்னாலும் ஆளை இடுப்பளவு நீரில் இறக்கவேண்டியதில்லை. முழங்கால் நீரில் முட்டியை மடக்கி நடக்கச் சொல்லி, கேமராவை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தால் ஆழம் வந்துவிடும்.

கூடும் காட்சிக்கு எல்லோரும் முதலில் சவுக்குத் தோப்பைத்தான் தேடுவார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கதையானால் அது தவறு. சவுக்குத் தோப்புகள் 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கரையில் பரவின. சீமைக்கருவேலமும் அந்தக் காலத்துக்குப் பிறகு வந்ததுதான். இன்றைய கதையாக இருந்தாலும் சவுக்கில் ஒரு தொல்லை: காற்றடித்தால் அதன் இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடும். பனந்தோப்போ முந்திரித்தோப்போ எடுங்கள். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி நன்றாக வளர்ந்திருக்கிறது. தாழ்ந்த கிளைகள் பின்னணியை மறைக்கும், நிழலும் சீராக விழும். தோப்பு பெருஞ்சாலையிலிருந்து அரை கிலோமீட்டராவது உள்ளே இருக்கட்டும். காய்ப்புக் காலத்தில் பூவையும் காயையும் யாரும் தொடக்கூடாது. உடைமைக்காரருக்கு அது வருமானம். பச்சைக் கொட்டையின் தோல் எண்ணெய் பட்டால் உடம்பு புண்ணாகும்.

பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றில் எப்போது வெள்ளம் வருமென்று சொல்லமுடியாது. ஏப்ரல் நடுவுக்குமேல் வெயிலில் ஓடும் ஆட்கள் சுருண்டு விழுவார்கள். தை 5ஆம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினக் கடற்கரையில் தீர்த்தவாரி. இந்த நாட்களையும் இவற்றை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம். இரவில் கடற்கரை மணலில் விளக்குப் போடக்கூடாது. மாதிரிக் கதையில் இரவுத் தாக்குதலை விட்டு விடியல் தாக்குதலை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. அனுமதி, அதுவும் சரியான வரிசையில்

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். மீனவக் கிராமத்துக் கரையில் அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தக் காகிதமும் வேலைக்கு ஆகாது. படகு எப்போது இறங்கும், வலை எங்கே காயும், எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். நீரறிந்த ஊர்க்காரர் இருவரைக் கூலி பேசி, ஆற்றில் ஆள் நிற்கும் நேரமெல்லாம் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நில உடைமைக்காரர், பிறகு காவல் நிலையம், அதன்பின் அரசு அலுவலகம். புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் இந்தப் பகுதியில் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. தேர்ந்தெடுத்த இடம் எந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்டது என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு பக்கமும் எடுத்தால் இரண்டு நிர்வாகத்திடமும் அனுமதி வேண்டும்.

காவல் நிலையக் கடிதத்தில் போலி ஆயுதங்களின் பட்டியலும் புகைப்படமும் இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மரத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். டிரோன் பறக்கவிடும் எண்ணமிருந்தால் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் டிரோன் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு. உண்மையில் இந்தத் தொடருக்கு டிரோன் தேவையில்லை. மேலேயிருந்து பார்த்தால் 16 பேர் 16 பேராகத்தான் தெரிவார்கள்.

4. பொருள்கள்

துப்பாக்கி: 18ஆம் நூற்றாண்டு மஸ்கட் சுமார் 150 செ.மீ. நீளம், 4 கிலோவுக்கு மேல் எடை. 16 பேருக்கும் அது வேண்டாம். 6 துப்பாக்கி, மற்றவர்களுக்கு ஈட்டி, வாள், கேடயம் போதும். அண்மைக் காட்சியில் வரும் 3 துப்பாக்கிக்கு உள்ளே இரும்புக் கம்பி வைத்து 3 கிலோவாவது ஏற்றுங்கள். எடையில்லாத துப்பாக்கியைத் தூக்கி ஓடுபவரின் தோள் ஆடாது. பார்த்ததும் பொய் தெரிந்துவிடும். பின்வரிசைக்கு லேசான மரக்கட்டை போதும். ஈட்டி முனை, துப்பாக்கி முனைக் கத்தி எல்லாம் ரப்பர் அல்லது நுரைப்பஞ்சு. ஓடும் காட்சியில் உலோக முனை ஒன்றுகூட இருக்கக்கூடாது.

உடை: 1740களில் சிப்பாய்கள் பெரும்பாலும் தங்கள் ஊர் உடையிலேயே இருந்தார்கள். எனவே வேட்டி, அரைக்கச்சை, தலைப்பாகை போதும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய வெள்ளை வேட்டியை அப்படியே கட்டிவிடாதீர்கள். கெட்டித் தேயிலைச் சாயத்தில் வெவ்வேறு நேரம் ஊறவைத்து மூன்று நிறமாக்குங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள். பூணூல், தாயத்து, வெறும் கழுத்து என்று ஆளுக்கொரு வேறுபாடு இருக்கட்டும். கைக்கடிகாரக் கோடு, பச்சை குத்திய ஆங்கில எழுத்து, முடிவெட்டு மூன்றையும் ஒருவர் பொறுப்பாகச் சோதிக்கவேண்டும்.

புகை: வெடிமருந்து வேண்டாம். உரிமம் இல்லாமல் தொட்டால் குற்றம், ஆபத்தும் கூட. துப்பாக்கி வாயில் வரும் பொறியை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். களத்தில் பரவும் புகைக்கு நாலு எண்ணெய் டின்னில் காய்ந்த தேங்காய் மட்டை, மேலே ஈர வைக்கோல், ஒரு பிடி சாம்பிராணி. ஒரு டின் 10 நிமிடம்போலத் தாங்கும். டயர் எரிக்காதீர்கள், ஓடி மூச்சு வாங்குபவர்கள் அதை இழுப்பார்கள். ஒவ்வொரு டின்னுக்கும் அருகே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும். தோப்புக்குள் நெருப்பே வேண்டாம்.

ரத்தம்: ஒரு கப் கெட்டிச் சர்க்கரைப் பாகு, ஒரு தேக்கரண்டி சிவப்பு உணவு நிறம், ஒரு தேக்கரண்டி கோகோ, ஒரு சொட்டு நீலம். இது ஆற்றங்கரைக்கு மட்டும். தோப்பில் பாகுக்குப் பதில் கிளிசரின் சேருங்கள். பாகு பூசிய ஆளைத் தரையில் படுக்கவைத்தால் எறும்பு மொய்த்து, ஷாட் நடுவில் எழுந்துவிடுவார்.

மற்றவை: ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், முதலுதவிப் பெட்டி, இரண்டு 20 மீட்டர் கயிறு, காற்றடைத்த டியூப் இரண்டு, தயாராக நிற்கும் ஒரு வண்டி.

5. திசையும் காற்றும் பார்த்துக் கேமராவை நிறுத்துங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இடத்தின் வரைபடத்தைத் தாளில் போட்டு, கிழக்கே கடல் என்று எழுதுங்கள். நம் மாதிரியில் தாக்குபவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போகிறார்கள். கேமரா மேற்கே நின்று கிழக்கைப் பார்த்தால் அவர்கள் இடமிருந்து வலமாகப் போவார்கள்; பின்வாங்கும்போது வலமிருந்து இடம். இந்த விதி ஒரே ஒரு ஷாட்டில் உடைந்தாலும், பின்வாங்கும் கூட்டம் மறுபடி தாக்கப்போவதுபோலத் தெரியும். கேமரா நிற்கும் மேற்குப் பக்கத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மேற்கே நிற்பதில் இன்னும் மூன்று நன்மைகள். ஆற்றுப்பாலம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலை வெயில் எதிரே வருவதால் புகை ஒளிரும், முகங்கள் பாதி இருட்டில் இருக்கும், 16 பேரைச் சுற்றிச்சுற்றி ஓடவிட்டாலும் யார் யாரென்று தெரியாது. மூன்றாவது காற்று. விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும். புகை கேமராவை விட்டு விலகும். முற்பகல் ஏற ஏறக் கடல்காற்று திரும்பி, புகையெல்லாம் கேமராமேலும் குழுவின் கண்ணிலும் அடிக்கும். ஆகவே புகை வரும் ஷாட்கள் எல்லாம் காலை 9.30க்குள் முடியவேண்டும். அதற்குமேல் எத்தனை டின் கொளுத்தினாலும் பயனில்லை.

6. எந்த நேரத்தில் எதை எடுப்பது

இரண்டு தாக்குதலையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி எடுத்தால் ஒளி, உடை, ஆட்களின் களைப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கும். இரண்டாம் முயற்சி வேறு நாள் என்று யாரும் நம்பமாட்டார்கள். இந்தத் தொடரைக் கதை வரிசையிலேயே எடுப்பது நல்லது. உடையில் ஏறிய அழுக்கைத் திரும்ப எடுக்கமுடியாது.

முதல் நாள் 4.30க்கு எல்லோரும் கூடல். 6.30 முதல் 7.45 வரை முதல் தாக்குதல். 9.30 வரை பின்வாங்கல். 3 மணி வரை ஓய்வும் சாப்பாடும். 3 முதல் 5.30 வரை தோப்பில் கூடும் காட்சி. அதன்பின் ஆற்றுக்குத் திரும்பி, இருட்டுமுன் மறுநாள் விடியலுக்கான ஒத்திகை. ஒத்திகையில் ஒவ்வொருவர் கால் வைக்கும் இடத்திலும் வெள்ளைக் கூழாங்கல் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் சூரியன் எழ 25 நிமிடம் இருக்கும்போது முதல் ஷாட். அந்த நீல ஒளி 20 நிமிடம்தான் நிற்கும். மாசியில் சூரியன் 6.30 ஒட்டி எழும். 5.45க்கே கேமரா நிலையில் இருக்கவேண்டும்.

கூடும் காட்சிக்கு இரண்டரை மணிநேரம் எதற்கு என்று தயாரிப்பாளர் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். காசில்லாமல் நல்ல சினிமா கிடைக்கும் இடம் அதுதான்.

7. முதல் தாக்குதல்: சுருக்கமாக

ஐந்தாறு ஷாட், ஒன்றேகால் நிமிடம். ஆற்றில் இறங்குவது, தெற்குக் கரை ஏறுவது, ஓர் அடையாளப் பொருளைத் தாண்டுவது, எதிரே புகை, முதல் ஆள் விழுவது. அடையாளப் பொருள் முக்கியம்: ஒற்றைப் பனையோ மண்மேடோ ஏதாவது ஒன்று. இந்தப் பனைவரைதான் வந்தார்கள் என்று பார்ப்பவர் மனதில் பதியவேண்டும். எதிரியை முழுதாகக் காட்டவேண்டாம். புகைக்குள் நாலு நிழல் போதும். அந்த நாலு பேர் நம் 16 பேரில் தலைப்பாகை மாற்றியவர்களே.

8. பின்வாங்கல்: 16 பேரை நாலாகப் பிரியுங்கள்

திரும்பி ஓடுங்கள் என்று மட்டும் சொன்னால் 16 பேரும் ஒரே வேகத்தில், ஒரே முகத்தோடு, கேமராவைப் பார்த்து ஓடிவருவார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம்போல இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

நாலு பேர் தடுத்து நிற்பவர்கள். இரண்டு பேர் எதிரியைப் பார்த்து நிற்க, இரண்டு பேர் 20 அடி பின்னால் போய்த் திரும்பி நிற்பார்கள். பிறகு முன்னவர்கள் பின்னால் வருவார்கள். மஸ்கட்டை ஒருமுறை சுட்டுத் திரும்ப நிரப்ப 20 முதல் 30 நொடி ஆகும். அந்த நேரத்தில் அவர்கள் கையில் ஒன்றுமில்லை. சுட்டவன் மருந்து கொட்டும் கை நடுங்குவதை ஒரு அண்மை ஷாட்டில் எடுங்கள். அடுத்தடுத்து டப் டப் என்று சுடவைத்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஐந்து பேர் காயம்பட்டவர்களும் அவர்களைத் தூக்குபவர்களும். தூக்குவது கஷ்டமான வேலை. ஒரு ஆளை இருவர் மணலில் 15 மீட்டருக்குமேல் தூக்கிப் போவது சிரமம். ஷாட்டை அதற்குள் முடியுங்கள். ஆறு பேர் ஓடுபவர்கள்: இருவர் ஆயுதத்தை எறிந்துவிட்டு, இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, ஒருவர் கூட்டத்திலிருந்து விலகி. அந்தக் கடைசி ஆள்தான் முழங்கால் துறையைக் கண்டுபிடிப்பவன். பதினாறாமவர் ஜமேதார். அவர் ஓடக்கூடாது, நடக்கவேண்டும்.

தொடக்கத்தை ஒரு முகத்தில் வையுங்கள். ஒருவன் பக்கத்தில் பார்க்கிறான், பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு அடி பின்னால் வைக்கிறான். அந்த ஒரு அடியிலிருந்து ஓட்டம் கூட்டத்துக்குப் பரவட்டும். ஆணை வந்து திரும்புவதாகக் கதை இருந்தால், ஆணை கேட்டவர்கள் முதலிலும் கேட்காதவர்கள் 3, 4 நொடி கழித்தும் திரும்பவேண்டும்.

எல்லோரையும் முதலில் நடக்கவிட்டு, பிறகு பாதி வேகம், அப்புறம்தான் முழு வேகம். முழு வேக டேக் நாலுக்குமேல் வேண்டாம். காய்ந்த மணலில் ஓடுவது தொடையை முறுக்கும். ஓடும் தடத்தில் நெருஞ்சி, கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள் இருக்கிறதா என்று வெறுங்கையால் அல்ல, வாருகோலால் இழுத்துப் பாருங்கள். ஓடுபவர்களுக்கிடையே 2 மீட்டர் இடைவெளி. விழுபவர் எங்கே விழுவார் என்று பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

கூட்டம் பெரிதாகத் தெரிய 85 மி.மீ. ஒட்டிய லென்சில் தூரத்திலிருந்து எடுங்கள். கேமராவுக்கு அருகே இருவர் மங்கலாகக் குறுக்கே ஓட, நடுவில் எட்டு பேர், பின்னே புகையில் ஆறு பேர். சட்டகத்தை விட்டுப் போனவர்கள் கேமராவுக்குப் பின்னால் சுற்றிவந்து மறுபடி நுழையட்டும்.

விலகி ஓடுபவனின் ஆற்று ஷாட்டைக் கடைசியில் அவசரமாக எடுக்காதீர்கள். சட்டகத்தின் ஓரத்தில், தூரத்தில், 3 நொடி. அண்மைக்குப் போனால் இதைப் பார் என்று சுட்டிக்காட்டியதாகிவிடும். பார்ப்பவர் கவனித்தும் கவனிக்காமலும் கடக்கவேண்டும்.

காட்சி முடிந்ததும் யாரும் உடம்பைத் துடைக்கும் முன், ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுங்கள். களிமண் குழம்பால் எல்லோருக்கும் இடுப்பில் கோடு, அவனுக்கு மட்டும் முழங்காலில். வெறும் நீர்க்கோடு வெயிலில் சில நிமிடத்தில் காய்ந்து மறைந்துவிடும். சேற்றுக்கோடு மாலைவரை நிற்கும்.

9. கூடுவது: ஏழு நிமிடத்தில் இரண்டே முக்கால் நிமிடம் இதற்கு

எழுச்சிப் பேச்சை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். தோற்றுத் திரும்பியவர்கள் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். அவர்கள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாலே மனம் திரும்புவது தெரியும். வேலைகளின் வரிசை இது.

வருகை. ஒருவர் ஒருவராக, இருவராக, வெவ்வேறு பக்கத்திலிருந்து. எல்லோரும் சேர்ந்து நுழைந்தால் சிதறியதே பொய்யாகிவிடும். செம்மண்மேல் ஆற்றுமணல் ஒட்டிய கால்கள் நல்ல ஷாட்.

தண்ணீர். ஒரே குடம், ஒரே சிரட்டை. யார் முதலில் குடிக்கிறார், யார் வேண்டாமென்று தள்ளுகிறார் என்பதில் இரண்டு பாத்திரங்கள் நிமிர்ந்துவிடும்.

ஆள் எண்ணுதல். இந்தக் காட்சியின் உயிர் இங்கேதான். பெயர் கூப்பிடும்போது பதில் வராத இடத்தில் வெட்டாதீர்கள். 4 நொடி அப்படியே விடுங்கள்.

"முனியன்."

"இருக்கேன் ஐயா."

"காத்தான்."

"இருக்கேன்."

"பெரியசாமி." ... "பெரியசாமி?"

"ஆத்துல விட்டுட்டேன் ஐயா. கையப் பிடிச்சிருந்தேன்."

ஜமேதார் அடுத்த பெயருக்குப் போகிறார். குரலில் மாற்றமில்லை. நடிகரிடம் அழச் சொல்லாதீர்கள். அடுத்த பெயர் என்னவென்று அவருக்கு ஒரு கணம் மறந்துபோனால் போதும்.

கணக்கெடுப்பு. ஆற்றில் நனைந்த வெடிமருந்து எரியாது. தோட்டாப் பைகளைத் துணியில் கவிழ்க்கிறார்கள். காய்ந்தது ஒரு பக்கம், நனைந்தது ஒரு பக்கம். காய்ந்த குவியல் சிறியது. எண்ணி ஆளுக்கு மூன்று என்று பகிர்கிறார்கள். ஆயுதத்தை எறிந்துவிட்டு வந்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது; அவன் கை நீண்டு திரும்புவதை எடுங்கள். முழங்கால் துறையில் கடந்தவனின் பை மட்டும் முழுக்கக் காய்ந்திருக்கிறது. இங்கேதான் ஜமேதாரின் கண் பையிலிருந்து அவன் வேட்டிக் கோட்டுக்கு இறங்குகிறது.

சச்சரவு. ஒருவன் திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்லவேண்டும். அவன் சொல்வதில் நியாயமும் இருக்கவேண்டும். அவனைக் கோழையாக எழுதினால் மற்றவர்களின் சம்மதத்துக்கு எடையே இருக்காது. அவன் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். வராமல் காயம்பட்டவர்களோடு தங்குவது பெரும்பாலும் நன்றாக அமையும்.

முடிவு. ஜமேதார் குச்சியால் மண்ணில் ஆற்றை வரைகிறார். "நீ எங்க கடந்த?" என்ற ஒரு கேள்வி போதும். அவன் விரல் வைக்கிறான்.

மாலை ஒளி தோப்புக்குள் சீக்கிரம் இறங்கிவிடும். அகல ஷாட்களை முதலில் முடித்துவிட்டு, அண்மைகளைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றுக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையே போதிய ஒளி தரும். சட்டை மைக் ஆறு பேருக்குக் கிடைக்காவிட்டால், காட்சி முடிந்ததும் அதே இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து முழு வசனத்தையும் மைக் அருகே ஒருமுறை சொல்லிப் பதியுங்கள். பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் தோப்பின் ஒலியை மட்டும் பதியுங்கள். ஸ்டுடியோவில் இதை உண்டாக்கச் செலவு அதிகம்.

10. இரண்டாம் முயற்சி: சத்தத்தைக் குறையுங்கள்

இரண்டாவது பெரிதாக இருக்கவேண்டும் என்பது பொதுவான தவறு. இருக்கும் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள், மருந்தும் குறைவு. 11 பேர் போதும். கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக, துப்பாக்கியையும் பையையும் தலைக்குமேல் பிடித்தபடி முழங்கால் நீரில் நடக்கிறார்கள். முன்னே போவது நேற்று விலகி ஓடியவன்.

முதல் தாக்குதலைக் கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தால், இதை முக்காலியில் வைத்து அசைவில்லாமல் எடுங்கள். ஆள் மாறிவிட்டதை நிதானமே சொல்லும். ஒரே ஒரு ஷாட் மட்டும் முதல் நாளின் அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ்: அந்த ஒற்றைப் பனை. முதல் நாள் சட்டகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பொருத்துங்கள். பனையைத் தாண்டி முதல் கால் விழும்போது வெடிச்சத்தம் கேட்கட்டும்.

வென்றார்களா தோற்றார்களா என்பது உங்கள் கதை. எப்படியானாலும் அது அந்தப் பனைக்கு அப்பால்தான் தீரவேண்டும்.

விடியல் ஒளியில் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) முன்கூட்டியே சோதித்து வையுங்கள். குறைந்த ஒளியில் தானியங்கிக் குவியம் வழி தவறும், கையால் பூட்டிவிடுங்கள். நீல ஒளி போனபின் எடுக்கும் அண்மைகளை நிழலில், வெயில் படாமல் எடுத்தால் நிறத்தைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

11. எடிட்டிங்கும் ஒலியும்

கூடும் காட்சியை முதலில் வெட்டுங்கள். அதன் நீளம் உறுதியானபின், அதற்குத் தேவையான அளவு மட்டும் பின்வாங்கலையும் முதல் தாக்குதலையும் வையுங்கள். வரிசையாக வெட்டினால் முதல் தாக்குதல் மூன்று நிமிடம் வளர்ந்து நிற்கும். எடுத்த உழைப்பை நினைத்து யாருக்கும் குறைக்க மனம் வராது. கணக்கு இது: ஒன்றேகால், ஒன்றரை, இரண்டே முக்கால், ஒன்றரை.

தூரத்தில் சுடும்போது முதலில் புகை, பிறகு சத்தம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தூரத்து எதிரிக்கு அரை நொடி தள்ளி வையுங்கள். இந்தச் சின்ன இடைவெளி களத்தை அகலமாக்கிவிடும்.

பின்வாங்கலில் பின்னணி இசை வேண்டாம். மூச்சு, நீர், உலோகம் உரசுவது போதும். இந்த ஒலிகளை ஆற்றங்கரையிலேயே தனியாகப் பதிந்திருக்கவேண்டும். ஈர மணலில் நடை, காய்ந்த மணலில் நடை, நீரில் நடை ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று முதல் நாள் மதிய ஓய்வில் ஒருவர் எடுத்துவிடலாம்.

12. இடத்தை ஒப்படைப்பது

கயிறு, கழி, கூழாங்கல் அடையாளம், சாம்பல் டின் எல்லாவற்றையும் பட்டியல் வைத்து எண்ணி எடுங்கள். நீருக்கடியில் கட்டிய கயிறு ஒன்று விட்டுப்போனாலும் வலையில் சிக்கும். சாம்பலை ஆற்றில் கொட்டாமல் முழுதாக அணைத்து வண்டியில் ஏற்றுங்கள். போலி ஆயுதங்களைச் சாக்கில் கட்டி, எண்ணிக்கையைக் காவல் நிலையக் கடிதத்தோடு சரிபார்த்து, முடிந்துவிட்டது என்று நிலையத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். பஞ்சாயத்தாரிடமும் தோப்புக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எடுத்ததைப் பார்த்தபின் ஏதாவது ஒரு ஷாட் விட்டுப்போயிருக்கும். அதே கரைக்கு மறுபடி போகவேண்டிவரும்.